அரிசிப் பெட்டிக்குள் அப்பிள்

அப்பிள் பழத்தைக் கையில் கண்டால் "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்ட தலைமுறை நாங்கள். என் வயதுக்காரர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டிலில் குவித்து வைத்து விற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடித்துக்கொண்டே வீதியால் போகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாளில் ஒரு பிள்ளை அப்படிப் போயிருந்தால், பின்னேரமே நாலு பேர் வீட்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்திருப்பார்கள்.

போன மாதம் கிளினிக்கில் காத்திருந்தோம். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றுக்கும் ஒரே நீள மர வாங்குதான். முழங்காலோடு முழங்கால் இடிபட இருக்க வேண்டும். புதிதாக வந்த ஒரு தாதிப் பிள்ளை, எங்கள் பேத்தி வயது, முன்னுக்கு வந்து நின்று சாப்பாட்டைப் பற்றி வகுப்பு எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு ஒரு சின்ன அப்பிள் போதும். நல்லாக் கழுவிப்போட்டுத் தோலோட சாப்பிடுங்கோ. நார்ச்சத்து தோலிலதான் கூட. ஜூஸ் அடிக்க வேண்டாம், கடிச்சுச் சாப்பிடுங்கோ. கொலஸ்ட்ரோலுக்கு நல்லம், மலச்சிக்கலுக்கும் நல்லம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வழக்கமாச் சாப்பிட்டால்தான் பலன். ஆனா ஒண்டு சொல்லுறன், அப்பிள் சாப்பிடுறம் எண்டு குளிசையை விட்டிடாதேங்கோ. அது சாப்பாடு. மருந்து வேற."

நான் கையை உயர்த்தினேன். இந்த வயதில் கையை உயர்த்திக் கேள்வி கேட்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

"பிள்ளை, வழக்கமாச் சாப்பிடுற ஆள் ஒரு நாள் ஒரு பழத்தை விட்டால் என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது அம்மா. அடுத்த நாள் சாப்பிடுங்கோ."

வாங்கு முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவ, "இவவுக்கு ஒரு அப்பிளில இவ்வளவு கவலை" என்று என் தொடையில் தட்டினா. நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனாலும் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் வாயால் அதை ஒரு தடவை கேட்கவேண்டும் போல் இருந்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்தது. முன் விறாந்தையில் நின்றால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும், அதில் கப்பல் நிற்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் பல் விளக்குவோம். அப்பா துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டினார். கரையில் இருந்து கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போவதும் திருப்பிக் கொண்டுவருவதும் அவர் வேலை. வெளிநாட்டுப் பழம் எதுவும் கடைகளுக்கு வராத காலம் அது. கப்பல் குசினிக்காரருக்கு அப்பா எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் அப்பிள் கொடுப்பார்கள். அது சாப்பாட்டுக் கரியருக்குள் மறைந்து, மீன்குழம்பு வாசத்தோடு வீட்டுக்கு வரும்.

ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய ஊதாத் தாளில் சுற்றியிருப்பார்கள். அக்கா அந்தத் தாள்களைக் கிழியாமல் பிரித்து, உள்ளங்கையால் நீவி, தன் பழைய பூமிசாத்திரப் புத்தகத்துக்குள் வைப்பாள். கல்யாணத்துக்குப் பூச்செய்ய என்று சொல்லுவாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த வாசம் வரும். குளிரும் இனிப்பும் மரப்பெட்டியும் கலந்த ஒரு வாசம். இப்போதைய பழங்களில் அது இல்லை, மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டேன்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு மூட்டுக்கள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அது மாறிப்போனாலும் நெஞ்சில் ஒரு குறையை விட்டுவிட்டுப் போனது. அந்தக் காய்ச்சல் திரும்பி வராமல் இருக்க அன்றில் இருந்து மாதம் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே போடுகிற தடித்த ஊசி. போட்ட அன்றும் மறுநாளும் காலை இழுத்து இழுத்து நடப்பாள். அதற்கென்று நீல நிற அட்டையில் ஒரு கிளினிக் காட் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு கையெழுத்து விழும்.

பெரிய டொக்டர் அம்மாவிடம் ஒருநாள் சொன்னது எனக்கு நல்ல நினைவு. நானும் பக்கத்தில் நின்றேன்.

"பிள்ளை மெலிஞ்சு கிடக்கு. பழங்கள் குடுங்கோ. அப்பிள் கிடைச்சால் மிச்சம் நல்லம். ஊசியை மட்டும் ஒரு மாதமும் விடப்படாது."

அம்மா அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கே ஊசியை விட்டுவிட்டார் என்று சொல்லவில்லை. இரண்டாம் பாதி அவர் கையில் இருந்து நழுவியது, நிலாவெளியில் இருந்து அக்காவுக்குச் சம்பந்தம் வந்த பிறகுதான்.

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நல்ல குடும்பம், சீதனக் கதை இல்லை. பெண் அடக்கமாகவும் சுகதேகியாகவும் இருந்தால் போதும் என்று தரகர் வந்து சொன்னார். அந்தச் சுகதேகி என்ற சொல்லில் அம்மா இடறி விழுந்தார். கிளினிக் நாளில் ஆசுபத்திரி விறாந்தையில் ஊர்ப்பட்ட சனம் இருக்கும். நிலாவெளிச் சனமும் இருக்கும். காட்டோடு அக்கா அந்த வாங்கில் இருந்தால், மறுநாள் அந்தச் சம்பந்தம் இராது.

"கலியாணம் முடியட்டும். பிறகு மனுசனிட்டை மெல்லமாச் சொல்லிப் போய்ப் போடலாம்" என்றார் அம்மா.

"டொக்டர் விட வேண்டாமெண்டு சொன்னவரல்லோ" என்றார் அப்பா.

"ரெண்டு மூண்டு மாதம்தானே. ஊசியில இருக்கிற சத்து அப்பிளில இல்லையோ? வெள்ளைக்காரன் நாளுக்கு ஒண்டு தின்டுதானே இரும்பு மாதிரி இருக்கிறான்? நீங்கள் பழத்தைக் கொண்டுவாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

 அடுத்த நாளில் இருந்து அப்பா லோஞ்சில் போகும்போது கொஞ்சம் கூடுதலாக எலுமிச்சம்பழம் கொண்டுபோனார். நீலக் காட்டை அம்மா அலுமாரிக்குள், சேலைகளுக்குக் கீழே விரித்திருந்த கடதாசிக்கும் கீழே வைத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்பார்கள். எங்கள் அம்மா முழு அப்பிளை அரிசியில் மறைத்தார். குசினி மூலையில் இருந்த அரிசிப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுப்பார். வாசல் படலை கொளுவியிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். தோல் செமிக்காது என்று கவனமாகச் சீவி, சதையை மட்டும் துண்டு துண்டாகப் பீங்கானில் வைத்து அக்காவிடம் கொடுப்பார். தோல் எனக்கு. நார்ச்சத்து தோலில்தான் கூட என்று அந்தத் தாதிப் பிள்ளை சொன்னபோது எனக்கு இதுதான் நினைவு வந்தது. தோலை எல்லாம் நான்தானே தின்றேன்.

அக்காவுக்கு ஊசி இல்லாதது பெரிய விடுதலை. "பார், ரெண்டு மாதமாப் போடேல்லை, எனக்கு என்ன செய்தது?" என்று முற்றத்தில் ஒரு காலில் கெந்திக் காட்டுவாள். உண்மையிலேயே அவள் முகம் கொஞ்சம் பளபளத்தது. சம்பந்தம் வந்த சந்தோஷம் அது என்று இப்போது நினைக்கிறேன். அம்மா அதை அப்பிளின் கணக்கில் வைத்தார். "பாத்தியளே, கன்னத்தில இரத்தம் ஊறியிருக்கு" என்று அப்பாவிடம் காட்டுவார்.

ஒருநாள் எனக்கு வயிறு நிரம்பியிருந்ததால் தோலைத் தின்னாமல் வேலிக்கு மேலால் எறிந்தேன். எங்கள் ஊர் மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மாடுகளைப் போல வீதியில் திரிகிறவை. ஒரு மான் அதைப் பொறுக்கிக்கொண்டு நேரே முன்வீட்டு மாமியின் படலையடியில் போய் நின்று மென்றது. வாயில் இருந்து ஒரு முழச் சிவப்புத் தோல் தொங்கியது. மாமி விளக்குமாறும் கையுமாக அதைப் பார்த்தா. பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தா. கால் மணித்தியாலத்தில் எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்தா.

"என்ன பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஆருக்கு வருத்தம்?"

அம்மாவின் கண் ஒரு கணம் அக்காவிடம் போய்விட்டு என்னிடம் வந்தது.

"சின்னவளுக்குத்தான் மாமி. வயித்தில பூச்சி, இரத்தம் குறைவு. டொக்டர் அப்பிள் குடுக்கச் சொன்னவர்."

இப்படித்தான் நான் எங்கள் வீட்டு வருத்தக்காரி ஆனேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. மாமி ஊர்முட்டையும் முருங்கையிலைக் கஞ்சியும் கொண்டுவந்தா. பள்ளிக்கூடத்தில் வெயிலில் ஓடச் சொல்லவில்லை. ஆட்கள் வந்தால் பாயில் படுத்து, அம்மா சொல்லித்தந்தபடி கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுவேன். ஓடித்திரிந்து உடம்பெல்லாம் மண் பூசின பிள்ளை பாயில் கிடந்து முனகும். நெஞ்சுக்குள் குறை உள்ளவள் தேத்தண்ணி ஊற்றி ஆட்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர்கள் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து விழுந்து சிரிப்பாள். "என்ன வருத்தக்காரி, இண்டைக்கு எப்பிடி?" என்று என் காதைப் பிடித்து ஆட்டுவாள். சிரித்து முடித்து மூச்சை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் செல்லும். நான் அதைக் கண்டேன். அது சிரிப்பால் என்று நினைத்தேன்.

மாரி தொடங்கியது. மூன்று கிழமையாக உள்துறைமுகத்தில் எங்களுக்குப் பழம் தரக்கூடிய கப்பல் ஒன்றும் இல்லை. அரிசிப் பெட்டிக்குள் கடைசியாக ஒரு பழம் மிஞ்சியது. அம்மா அதை எடுப்பதும் தடவிப் பார்ப்பதும் திருப்பி அரிசிக்குள் புதைப்பதுமாக இருந்தார். அக்காவுக்கு அந்தக் கிழமை தொண்டை நோ. மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தார்கள். மழைக்கு எல்லாருக்கும் வருகிற தொண்டை நோதானே என்றார்கள். அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகவும் அறிவித்தல் வந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளையின் தாய் எனக்கு நேரே இருந்த கதிரையில் இருந்தா. நான் வழக்கப்படி பாயில். அந்த மனுசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"சின்னவளுக்கு என்ன? முன்வீட்டிலையும் சொன்னவை. பரம்பரை வருத்தம் ஒண்டும் இல்லையே?"

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. "சீச்சீ, பூச்சிதான். இப்ப சுகம். அப்பிள் குடுக்கிறம், பாருங்கோவன்" என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் போனார். அரிசி சரசரக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கடைசிப் பழத்தைச் சீவித் துண்டுகளாக்கிப் பீங்கானில் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சதை என் பங்குக்கு வந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். தேத்தண்ணி கொடுத்து முடித்து, வெறும் தட்டோடு குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்வை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, சாப்பிடு என்று நாடியை அசைத்தாள். நான் சாப்பிட்டேன். எல்லாரும் பார்த்திருக்க ஒரு துண்டும் விடாமல் சாப்பிட்டேன். எவ்வளவு இனிப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும், அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

"பிள்ளை வடிவாச் சாப்பிடுது. ஒரு வருத்தமும் இல்லை" என்றா மாப்பிள்ளையின் தாய். சம்பந்தம் சரிவந்தது. தை மாதத்தில் நாள் பார்ப்பதென்று முடிவெடுத்துக்கொண்டு போனார்கள்.

தை வரை அக்கா இருக்கவில்லை. தொண்டை நோ மாறி இரண்டு கிழமையில் முழங்கால் வீங்கியது. பிறகு மற்ற முழங்கால். பிறகு படுக்கையில் நிமிர்ந்து இருந்தால்தான் மூச்சு வந்தது. அப்போதும் அம்மா ஒரு நாள் தாமதித்தார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் காட்டைக் கேட்டாராம். அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாராம். இதெல்லாம் பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. எனக்கு நினைவிருப்பது அக்காவைப் பார்க்க ஒரேயொரு தரம் கூட்டிப்போனது. அவள் என் காதைப் பிடிக்கக் கையை உயர்த்தினாள். பாதியில் கை கட்டிலில் விழுந்தது.

அவள் செத்த அன்று காலையில் ஒரு கப்பல் வந்திருந்தது. அப்பா லோஞ்ச் ஓட்டும்போதுதான் ஆள் போய்ச் சொன்னது. வரும்போது கரியரும் கையுமாக வந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், செத்தவீட்டுக்குள் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். யாரோ வாங்கிக் குசினியில் வைத்தார்கள். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு மணத்தில்தான் உள்ளே பழம் இருந்தது தெரியவந்தது.

விறாந்தை நிறையச் சனம். நிலாவெளியில் இருந்தும் வந்திருந்தார்கள். அம்மா அக்காவின் தலைமாட்டில் இருந்து நெஞ்சில் அடித்து அழுதார்.

"நாளுக்கு ஒண்டாத் தந்தேனே என்ர மகளே... அந்தக் கடைசிப் பழத்தை உன்ர வாயில வைக்காமல் விட்டேனே... அதையும் நீ தின்டிருந்தால் என்னை விட்டுப் போயிருப்பியோ..."

நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்று அதைக் கேட்டேன். அந்தக் கடைசிப் பழத்தைத் தின்றவள் நான். எனக்குப் பத்து வயது, அம்மா சொல்லி அழுவதெல்லாம் உண்மை என்று நம்புகிற வயது. அன்றைக்கு நான் கொலைகாரி ஆனேன். இதைக் கூட்டிச் சொல்லவில்லை. முப்பது வருஷம் அப்படித்தான் படுத்தெழும்பினேன். கல்யாணம் செய்தேன், பிள்ளைகள் பெற்றேன், சண்டையால் இரண்டு தரம் இடம்பெயர்ந்தேன். ஊதாத் தாள்கள் இருந்த பூமிசாத்திரப் புத்தகம் முதல் தரம் ஓடும்போதே போய்விட்டது. பிள்ளைகளுக்கு யாராவது அப்பிள் வாங்கிவந்தால் வெட்டிக் கொடுப்பேன், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை.

அம்மா தன் கடைசி வருஷத்தில் என்னோடுதான் இருந்தார். ஒரு பின்னேரம், அவர் தலைக்கு நான் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, ஏன் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்தக் கடைசி அப்பிளை நான் தின்னாமல் விட்டிருக்கலாம்."

அவருக்கு எந்த அப்பிள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அதுக்கு நீ என்ன செய்வாய்? நான்தானே தந்தனான்."

"நீங்கள் அப்பிடிச் சொல்லித்தானே அழுதனீங்கள். அதை அக்கா தின்டிருந்தால் இருந்திருப்பா எண்டு."

அம்மா மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் இவ்வளவு காலமும் எதைச் சுமந்தேன் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது போல.

"பழத்தால இல்லைப் பிள்ளை. ஊசியை நிப்பாட்டினதால. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏனம்மா பழத்தைச் சொல்லி அழுதனீங்கள்?"

"நிலாவெளிச் சனமெல்லாம் இருந்தது. ஊசியைச் சொல்லி அழ ஏலுமோ?"

எண்ணெய்க் கையோடு நான் அப்படியே இருந்தேன். கோபம் வந்தது, உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கிழட்டுத் தலையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகவேண்டும் போல் கோபம் வந்தது. பிறகு அம்மாவின் தோள் குலுங்குவதைக் கண்டேன். சத்தம் இல்லாமல் அழுதார். அந்த ஊசிக்காக அம்மா அழுததை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டேன். நான் மிச்சத் தலைக்கும் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன்.

அம்மா செத்த பிறகு அவருடைய பெட்டிக்குள், சேலைகளுக்குக் கீழே, கடதாசிக்கும் கீழே நீலக் காட் இருந்தது. இரண்டு இடப்பெயர்வுக்கும் அதை அவர் விடாமல் கொண்டுபோயிருக்கிறார். ஆவணி வரை கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்.

இப்போது நானும் ஒரு நாளைக்கு ஒரு சின்ன அப்பிள் சாப்பிடுகிறேன். குளிசையைப் போட்ட பிறகு, தோலோடு. நாளைக்கு எனக்குக் கிளினிக். மருமகள் காட்டைக் கைப்பைக்குள் வைத்துத் தருவாள். படலையைத் தாண்டியதும் அதை வெளியே எடுத்து, போகிற வருகிற சனம் எல்லாம் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன்.